சோளக்காட்டில் தொங்கிய ஸ்கேன்

நந்தினி போன் செய்தபோது நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஆளுக்கு ரசம் வைப்பது சர்வர் பராமரிப்பதைவிடக் கஷ்டமான வேலை. எவ்வளவு குறைத்துப் புளி கரைத்தாலும் இரண்டு பேருக்கு வந்துவிடுகிறது.

நந்தினி, நான் வேலை பார்த்த மருத்துவமனையில் இப்போது என் நாற்காலியில் இருப்பவள். சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனை, பெயர் வேண்டாம்.

“மேடம், சர்வர் ரூமைக் காலி பண்றோம். எல்லாம் கிளவுடுக்குப் போகுது. புதுசா மூணு பேர் சேர்ந்திருக்காங்க, அவங்களுக்கு நாஸுக்கும் சானுக்கும் என்ன வித்தியாசம்னே பிடிபடல. நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் குடுத்தா நல்லாயிருக்கும்.”

“அதான் இன்டர்நெட்ல கொட்டிக் கிடக்குதே.”

“படிச்சுட்டாங்க மேடம். படிச்சும் பிடிபடல.”

அது நியாயம்தான். கூடவே இன்னொன்றும் கேட்டாள். என் மேலதிகாரியாக இருந்த சிவராமன் சார் பென்சிலில் எழுதி வைத்த பழைய பதிவேடு ஒன்று அலமாரியில் கிடக்கிறதாம், பழைய பேப்பரோடு போட்டுவிடலாமா என்றாள். அதை மட்டும் எடுத்து வை என்று சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தேன்.

நான் படித்தது பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமா. கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போன காலம் அது. மருத்துவமனையில் சேர்ந்தது நோயாளிகளின் விவரங்களைத் தட்டச்சு செய்ய. பிறகு ஸ்கேன் படங்கள் ஃபிலிமிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறின. அவற்றைப் பத்திரமாக வைக்க ஓர் அறையும் அறைக்கு ஓர் ஆளும் வேண்டியிருந்தது. அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்ததால் வேறு யாரும் வர விரும்பவில்லை. நான் ஸ்டோரேஜ் ஆள் ஆன கதை அவ்வளவுதான்.

சித்திரை வெயிலில் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு அஸ்தம்பட்டியில் டவுன் பஸ் ஏறுகிறவள் நான் ஒருத்திதான். “என்னக்கா, ஏற்காடா?” என்று கண்டக்டர் கேட்பார். பல நாட்களில் வீட்டுக்கு வெளியே அதுதான் என்னிடம் ஒருவர் பேசிய முதல் பேச்சாகவும் கடைசிப் பேச்சாகவும் இருக்கும். நாள் முழுக்க விசிறிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, “சாப்பிட்டியாம்மா?” என்று அம்மாவைக் கேட்டால் என் குரல் எனக்கே கரகரவென்று அந்நியமாக இருக்கும். கல்யாணம் கூடி வரவில்லை. அம்மா இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

சரி, பாடத்துக்கு வருகிறேன்.

கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும் டிஸ்க்கில் சிக்கல் ஒன்றும் இல்லை. அது அந்த ஒரு கம்ப்யூட்டரின் சொத்து. அந்தக் கம்ப்யூட்டர் படுத்தால் டிஸ்க்கில் உள்ளதும் யாருக்கும் கிடைக்காது. அதனால்தான் டிஸ்க்குகளை வெளியே ஒரு பெட்டியில் வைத்து, கேபிள் போட்டுப் பல கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்கிறோம். கொடுப்பதில்தான் இரண்டு விதம்: நாஸ் (NAS), சான் (SAN).

நாஸ் என்பது நம் மருத்துவமனை மருந்துக் கடை சன்னல் மாதிரி. நீங்கள் பெயரைச் சொல்லிக் கேட்கிறீர்கள்; உள்ளே இருப்பவர் எடுத்துத் தருகிறார். எந்த மருந்து எந்த அடுக்கில் என்பது அவர் பாடு. ஒரே நேரத்தில் பத்துப் பேர் கேட்டாலும் வரிசைப்படுத்த உள்ளே ஓர் ஆள் இருக்கிறார். கொஞ்சம் தாமதமாகும், ஆனால் ஒருவர் கை இன்னொருவர் கையில் இடிக்காது.

சான் அப்படியில்லை. அது வெறும் நிலத்தை அளந்து கொடுப்பது. இந்தா, இத்தனை சென்ட், இது உன்னுடையது என்று பெட்டி சொல்லிவிடும். வரப்பு போடுவது, பயிர் வைப்பது, எதை எங்கே வைத்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்வது எல்லாம் வாங்கிய சர்வரின் பொறுப்பு. இடையில் ஆள் இல்லாததால் வேகம் அதிகம். அந்த நிலத்துக்குப் பெயர் வால்யூம். ஒரே வால்யூமை இரண்டு சர்வருக்குக் கொடுத்தால், ஒரே நிலத்துக்கு இரண்டு பேரிடம் பட்டா கொடுத்த கதைதான். ஒவ்வொன்றும் தான் மட்டும்தான் இருக்கிறேன் என்று நினைத்து உழும். இரண்டு சர்வரும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளத் தனி மென்பொருள் உண்டு. எங்களிடம் அது இல்லை.

கிளவுடைப் பற்றி நந்தினிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அங்கே ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு. சீட்டைக் காட்டினால் படம் வரும். ஒன்றுக்கு மூன்றாகப் பிரதி எடுத்து வெவ்வேறு இடத்தில் வைத்திருப்பார்களாம். எந்த ஊரில் என்று நமக்குத் தெரியாது.

சிவராமன் சார் சர்வர் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கழுத்தில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டியபடி நிற்பார். குரல் உயர்த்த மாட்டார். விசிறிச் சத்தத்தில் அவர் சொல்வதைக் கேட்க நாம்தான் பக்கத்தில் போக வேண்டும். ஒரு கேபிளைத் தொடுவதாக இருந்தாலும், திரையில் ஒரு கட்டத்தில் டிக் போடுவதாக இருந்தாலும், முதலில் இரண்டு கேள்வி கேட்பார்.

“இது யாரோடது? வேற யார் தொடறாங்க?”

மனதுக்குள் பதில் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார். வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் திரையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நிற்பார். நான் வால்யூமின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படிப்பேன். அவர் தன் பதிவேட்டில் இருக்கும் எண்ணைத் திரும்பப் படிப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால் பென்சிலால் ஒரு டிக். பிளேடால் சீவிய பென்சில், ஊசி மாதிரி முனை. கோயில் பிரசாதம் மாதிரி இதை ஒவ்வொரு தடவையும் வாங்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக வரும். வந்த எரிச்சலை முகத்திலும் காட்டியிருக்கிறேன். அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டார்.

அவர் பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு வாரம் விடுப்பில் போனார். அந்த வாரம்தான் படங்களை வைத்திருந்த பழைய சர்வருக்குப் பதிலாகப் புதியதை மாட்ட வேண்டியிருந்தது. பழையதை நிறுத்தினால் இரண்டு மணி நேரம் ஸ்கேன் வேலை நிற்கும். ஸ்கேன் பிரிவின் தலைமை டாக்டரம்மா, “ஒரு நிமிஷம்கூட நிறுத்த முடியாது கோமதி, வெளியில கூட்டத்தைப் பாருங்க” என்றார். நான் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே வால்யூமைப் புதிய சர்வருக்கும் கொடுத்தேன். புதியது படங்களைப் பார்க்கத்தானே போகிறது, எழுதப் போவதில்லையே என்று என் கணக்கு. நிச்சயமாகவா என்று திரை கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். எண்ணை வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்தாலும் கேட்க ஆள் இல்லை.

ஒரு டிஸ்க்கைச் சும்மா பார்ப்பதற்காகத் திறந்தாலும் சர்வர் அதில் தன் குறிப்பை எழுதத்தான் செய்யும். எனக்குத் தெரியாததல்ல, அன்றைக்கு நினைவுக்கு வராதது. மதியம் வரை எல்லாம் ஒழுங்காகவே தெரிந்தது. இரண்டு சர்வர்களும் தங்கள் ஞாபகத்தில் இருந்த பழைய கணக்கைக் காட்டிக்கொண்டிருந்தன. கீழே நிலத்தில் ஒன்று விதைத்ததை இன்னொன்று உழுதுகொண்டிருந்தது. சாப்பிட்டு வந்து புதிய சர்வரை ஒரு தடவை அணைத்துப் போட்டேன். அது எழுந்ததும் டிஸ்க்கில் பிழை இருக்கிறது, சரி செய்கிறேன் என்று தானாகவே ஆரம்பித்தது. நான் அலறியடித்துக்கொண்டு கேபிளைப் பிடுங்குவதற்குள் அது ஆயிரக்கணக்கான படங்களைப் பெயரழித்து, வெறும் எண் போட்டு ஒரு மூலையில் குவித்துவிட்டது.

பேக்கப் டேப்புகள் இருந்தன. எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினோம். ஒரே ஒரு டேப்பை மட்டும் படிக்க முடியவில்லை. அதில் இருந்தது ஏழெட்டு மாதப் படங்கள்.

நல்லவேளை, ஸ்கேன் படத்தின் உள்ளேயே நோயாளியின் பெயரும் எண்ணும் எழுதியிருக்கும். பெயரிழந்த ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே படித்து, உரியவர் கணக்கில் திரும்பச் சேர்த்தேன். நாலு மாதம் அதே வேலை. முகம் தெரியாதவர்களின் முதுகெலும்பையும் மூளையையும் பார்த்துப் பார்த்து, பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் தோலுக்குள் எலும்பு தெரிவது மாதிரி ஆகிவிட்டது. பெரும்பாலானவை கிடைத்தன. சில படங்கள் மேல் வேறு படம் எழுதப்பட்டிருந்தது. அவை போனவை போனவைதான்.

சிவராமன் சார் திரும்பி வந்து, நான் சொன்னதையெல்லாம் கைகளைப் பின்னால் கட்டியபடி கேட்டார். திட்டவில்லை. பதிவேட்டை எடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதினார்.

“சார், இயந்திரம் ஒண்ணும் பண்ணல சார்.”

“தெரியும்மா. இது நமக்குள்ள இருக்கட்டும்.”

எனக்கு அழுகை வந்தது. நன்றியால் வந்த அழுகை என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த வருஷம் அர்த்தநாரி வந்தார். மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர். பல வருஷம் போர்வெல் லாரியில் பாறைத் தூசிக்குள் வேலை பார்த்துவிட்டு, ஊரோடு வந்து விவசாயம் செய்துகொண்டிருந்தார். இருமல் என்று வந்தவருக்கு ஸ்கேன் எடுத்ததில் நுரையீரலில் ஒரு சின்னக் கட்டி தெரிந்தது. டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார்.

“ரெண்டு வருஷம் முன்னாடி வண்டியிலிருந்து விழுந்து, விலா எலும்புக்காக இங்கேயே ஸ்கேன் எடுத்திருக்கார். அந்த ரிப்போர்ட்ல எலும்பைப் பத்தி மட்டும்தான் இருக்கு. படம் வேணும் கோமதி. அதிலேயும் இதே அளவுல இருந்தா இவரைத் தொடவே வேண்டாம். வளர்ந்திருந்தா உடனே எடுக்கணும்.”

பழைய ஸ்கேனின் தேதியைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. படிக்க முடியாமல் போன அந்த டேப்பின் மாதங்களில் ஒன்று. தேடிக் கிடைக்காதவற்றின் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பட்டியலை எழுதியவளே நான்தான்.

அப்போது ஃபிலிம் கொடுப்பதை நிறுத்தி, நோயாளிகளுக்குப் படத்தை சீடியில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. வராந்தாவில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி பாவாயி அக்காவிடம் ஓடினேன். அந்த சீடி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஏனுங்க, அந்தப் பளபளன்னு வட்டமா இருக்குமே, அதுங்களா? அதைச் சோளக்காட்டுல கட்டி உட்டுட்டனுங்களே. கிளி வந்து கதிரெல்லாம் கொத்துது பாருங்க, வெயிலுல மின்னுனா ஓடிப் போயிருமுங்க.”

ஃபிலிமாக இருந்தால் கவரோடு பீரோவில் வைத்திருப்பார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எலும்பாவது தெரியும். சீடியில் ஒன்றும் தெரியாது. தெரியாத ஒன்றை என்ன செய்வது? சேலம், நாமக்கல் பக்கத்தில் எத்தனையோ காடுகளில் எங்கள் ஆஸ்பத்திரி சீடிகள் கிளி விரட்டிக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை மல்லசமுத்திரம் பஸ் ஏறினேன். இறங்கி, கேட்டுக் கேட்டு நடந்தேன். சோளம் அறுத்து முடிந்து வெறும் காடாகக் கிடந்தது. குச்சிகளுக்கு இடையே கயிறு கட்டி, பன்னிரண்டு பதிமூன்று சீடிகள் தொங்கின. கல்யாண சீடி, சாமி பாட்டு சீடி, எங்கள் சீடி, எல்லாம் ஒரே ஜாதியாக வெளுத்திருந்தன. முந்தின நாளே ஊர் திரும்பியிருந்த பாவாயி அக்கா ஒவ்வொன்றாக அவிழ்க்க, நான் சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் எங்கள் ஆஸ்பத்திரிச் சின்னத்தில் பாதி ஒட்டியிருந்தது. அதன் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக வந்தது.

“இதுதானுங்களா சாமி?”

“இதுதான்க்கா.”

“படம் வந்துருமுங்களா?”

அந்த இடத்தில், அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். முதல் படம் எங்களிடம் இருந்தது, அதை அழித்தது நான், உங்கள் கையில் இருந்தது இரண்டாவது பிரதி மட்டும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். “பார்க்கலாம்க்கா” என்றேன்.

மூன்று கம்ப்யூட்டர்களில் போட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்றிச் சுற்றி நின்றுவிட்டன. மூன்றாவதில் பெயர் மட்டும் வந்தது: அர்த்தநாரி, வயது, தேதி. படத்தைத் திறக்கப் போனால் திரை அப்படியே உறைந்தது. படம் கிடைக்கவில்லை என்று டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன்.

மூன்று மாதம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம், ஆனால் கெட்ட கட்டியாக இருந்தால் அந்த மூன்று மாதமும் நஷ்டம் என்றார் டாக்டரம்மா. அவர்கள் மகன் பயந்துவிட்டான். ஆபரேஷன் நடந்தது. நுரையீரலில் ஒரு துண்டை எடுத்துப் பரிசோதித்ததில் அது கேன்சர் இல்லை, தூசி படிந்து இறுகிய பழைய தழும்பு. “பல வருஷமா அங்கேயேதான் இருந்திருக்கும்” என்று டாக்டரம்மா சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் நகர்ந்தார்.

குடும்பத்துக்கு ஒரே சந்தோஷம். பாவாயி அக்கா ஒரு பை நிலக்கடலையோடு என் குளிர் அறைக் கதவைத் தட்டினார். “வெயிலுல காடு காடா வந்து தேடுனீங்களே சாமி, உங்க நல்ல மனசுக்குத்தான் ஒண்ணும் இல்லாமப் போச்சுங்க” என்றார். நான் பையை வாங்கிக்கொண்டேன்.

அர்த்தநாரிக்கு அதற்குப் பிறகு மூச்சு பழைய மாதிரி வரவில்லை. ஏற்கெனவே தூசி தின்ற நுரையீரல். கிணற்றடிவரை நடந்தாலே உட்கார்ந்துவிடுவாராம்.

அதிலிருந்து ஒவ்வொரு கார்த்திகையிலும் கடலை எடுத்ததும் பாவாயி அக்கா சேலத்தில் இருக்கும் மகன் வீட்டுக்கு வருவார். வந்தால் என்னிடமும் வருவார். நான் ஓய்வு பெற்ற பிறகு அஸ்தம்பட்டி வீட்டுக்கே வந்தார். அம்மா போன பிறகு பேப்பர்காரரையும் கேஸ்காரரையும் தவிர என் வீட்டு மணியை அடித்த ஒரே ஆள் அவர்தான். மதியம் முழுக்க உட்கார்ந்து கடலை உரித்தபடி பேசுவார். மகன் வீட்டில் ஏன் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தங்குவதில்லை என்று நான் கேட்டதில்லை. அவரே ஒரு தடவை சொன்னார்.

“அவனுக்கு எம் மேல மனசு ஆறலீங்க. நீ அந்த சீடியைக் காட்டுல கட்டாம இருந்திருந்தா அப்பாவை அறுத்திருக்க மாட்டாங்கம்பான். நெசந்தானுங்களே. என் தப்புத்தானுங்க.”

அவருக்கு மகன் வீட்டில் இடம் இல்லாமல் போனதால்தான் எனக்கு அந்த மதியங்கள் கிடைத்தன. இது எனக்குத் தெரிந்தே இருந்தது. சொன்னால் அடுத்த கார்த்திகைக்கு யார் வருவார் என்ற பயத்தில், “அப்படியெல்லாம் நினைக்காதீங்கக்கா” என்று சொல்லி இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். என் வாழ்க்கையிலேயே நான் வெட்கப்படுவது அந்த சர்வர் விஷயத்துக்காக அல்ல, அந்தக் காபிக்காக.

போன வருஷம் அர்த்தநாரி காலமானார். அந்தக் கார்த்திகையிலும் அக்கா வந்தார். பேச்சு குறைந்திருந்தது. கடலையை உரித்து உரித்து முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

கை நின்றது.

“காட்டுக்கு வந்தீங்களே, அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?”

“தெரியும்க்கா.”

“மூச்சு வாங்கறப்பெல்லாம் அவரு சொல்லிக் காட்டுவாருங்க, நீ கட்டுன சீடி, நீ கட்டுன சீடின்னு. சாவற வரைக்கும் நானும் ஆமாங்க ஆமாங்கன்னுட்டே இருந்தேன். ஒரே ஒரு நா வந்து அவருகிட்ட நீங்க சொல்லியிருக்கலாமுங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உரித்த கடலையை என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்.

இந்த வருஷக் கார்த்திகை முடிந்து பத்து நாள் ஆகிறது. மணி அடிக்கவில்லை. நந்தினியின் போன் வந்தது இதற்கு நடுவில்தான்.

நந்தினி, நீ கேட்ட வித்தியாசத்தை எழுதிவிட்டேன். புதியவர்களிடம் அந்த இரண்டு கேள்வியையும் வாய்விட்டுச் சொல்லச் சொல். கிளவுடிலும் அதே கேள்விதான். எனக்காக நீ ஒன்று செய்ய வேண்டும். சிவராமன் சார் இப்போது உயிரோடு இல்லை. அவர் எழுதியதைத் திருத்த அனுமதியை நான் என்னிடமேதான் கேட்டுக்கொள்ள முடியும். நீ எடுத்து வைத்திருக்கும் பதிவேட்டில் ‘இயந்திரக் கோளாறு’ என்று எழுதிய பக்கத்தைத் தேடு. நாளைக் காலை நானே வருகிறேன். அதை அடித்துவிட்டு, என்ன நடந்தது என்று பேனாவால் எழுதி, என் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுகிறேன். அதில் எனக்கு இரண்டு பிரதி எடுத்துக் கொடு.

ஒன்று இங்கே சேலத்தில் அந்த மகன் வீட்டுக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரம் பஸ் ஏறுவேன். இறங்கிய பிறகு யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.